எர்த் பட்டை இல்லாத ஜீப்

வரதராஜன் பொய் எழுதியிருக்கிறார்.

நம் மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் போன வருட மலரில் அவர் எழுதிய கட்டுரையை எல்லோரும் படித்திருப்பீர்கள். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்த காலத்தைப் பற்றி நான்கு பக்கம். முதல் மூன்று பக்கத்தைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. நான்காவது பக்கத்தில், நாகலூர் எடைக் கொட்டகையில் ஜீப் தானாக உருண்டு சின்னப்பொண்ணு என்ற தொழிலாளிக்குக் கால் போனதை எழுதியிருக்கிறார். டிரைவர் காதர் ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கினதுதான் காரணமாம். அலட்சியமாம். இளம் ஓட்டுநர்கள் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

அது பொய் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மலர் வரும் வரை வேறு யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அந்த ஜீப்புக்கு அடியில் மறுநாள் காலையில் படுத்துப் பார்த்தவன் நான். பக்கத்தில் நின்றவர் அவர்.

ஏற்காடு ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிற பையன்கள் மலரைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "ஏனுங்கண்ணா, நீங்களும் அப்ப அங்கதான வேலை பாத்தீங்க, நிசமாவா இது?" என்று கேட்டார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இதுதான் அந்த நாளைக்கு. எனக்கு எழுத்து வராது. ஸ்பானர் பிடித்த கை. பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். பெயர்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

என் கதை சின்னது. எட்டாவது வரை மிஷன் பள்ளிக்கூடம். அப்புறம் சேலத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் ஐந்து வருடம். டைனமோ, ஹாரன், செல்ஃப் மோட்டார். எழுபதுகளின் கடைசியில் எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். இருபத்தாறு வருடம் அங்கேயே இருந்து வெளியே வந்தேன். ஒர்க்‌ஷாப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு குழி, ஒரு பெஞ்ச். ஒரு லாரி, ஒரு டிராக்டர், காப்பிப் பழம் தோலுரிக்கும் மிஷின், இரண்டு ஜீப். அந்த இரண்டில் பழையதுதான் இந்த ஜீப். பெட்ரோல் வண்டி. ராணுவ ஏலத்தில் எடுத்தது. எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் ஸ்விட்ச் தரையில் இருக்கும், காலால் மிதிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும், கையால் இழுக்க வேண்டும்.

அதை ஓட்டினவர் காதர் பாய். பஜாரில் அவர் அண்ணனுக்கு மளிகைக் கடை இருந்தது. இவருக்குக் கடையில் உட்கார முடியாது, வண்டிதான் வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வண்டியோடு பேசுவார். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது "வா தாயி, வா தாயி" என்பார். நாங்கள் சிரிப்போம்.

வரதராஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டோம். சத்தம் போடமாட்டார். கெட்ட வார்த்தை வராது. தினமும் வெள்ளைச் சட்டை, அதில் ஒரு சொட்டு ஆயில் கிடையாது. பையில் ஒரு சிவப்புப் பென்சில். மேஜையில் ஒரு நீளமான புத்தகம். அதைத்தான் ரிப்பேர் புக் என்போம்.

அந்தப் புத்தகம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் மீதி புரியும். வண்டி உள்ளே வந்ததும் டிரைவர் என்ன குறை என்று வாயால் சொல்ல வேண்டும். வரதராஜன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு இன்ன பார்ட்தான் பழுது என்று புத்தகத்தில் எழுதிவிடுவார். பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுதிவிடுவார். அப்புறம் நான் அந்தப் பார்ட்டைக் கழற்ற வேண்டும், சரி பண்ண வேண்டும், கீழே கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத இடத்தில் ஸ்பானர் வைக்கக் கூடாது. ஒருமுறை ஹாரன் வேலைக்கு வந்த லாரியில் ஃபேன் பெல்ட் கிழிந்திருந்ததைப் பார்த்து மாற்றிவிட்டேன். திட்டவில்லை. புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி, "இதுல ஃபேன் பெல்ட்டுன்னு எங்க இருக்கு, காட்டு லூர்து," என்றார். நான் நின்றேன். அவர் புத்தகத்தை மூடவில்லை. லாரி டிரைவர், கிளீனர், மிஷின்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் இருக்கும். அதற்குப் பிறகு எழுதாத இடத்தை நான் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டேன். அதுதான் என் தப்பு. முதல் தப்பு.

எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனியில் அந்த ஜீப்புக்கு கிளட்ச் வேலை வந்தது. கியர் பாக்ஸை இறக்கினேன். இறக்கும்போது எர்த் பட்டை கையோடு வந்தது. எஞ்சினையும் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தையும் இணைக்கிற செம்புப் பின்னல் அது. ஒரு சாண் நீளம் இருக்கும். துரு ஏறி, பாதி இழை அறுந்து, தொட்டதும் போய்விட்டது.

அது எதற்கு என்று ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியிலிருந்து கரண்ட் தடித்த கேபிள் வழியாக செல்ஃபுக்குப் போகும். செல்ஃபைச் சுற்றவிட்டு எஞ்சின் இரும்புக்குள் வரும். அங்கிருந்து சேஸிஸ் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஆனால் எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால்தான் அந்தப் பட்டை. திரும்பி வருகிற கரண்டுக்கு அதுதான் பாதை.

பட்டை போய்விட்டது, புதுசு வேண்டும் என்று வரதராஜனிடம் சொன்னேன். கிளட்ச் வேலைக்குக் கீழே நானே ஒரு வரியும் எழுதினேன்: எர்த் பட்டை ஒன்று. அவர் பார்த்தார். சேலத்திலிருந்து வரவழைக்க வேண்டும், கிளட்ச் வேலைக்குத் தனியாக இது எதற்கு என்று மேனேஜர் கேட்பார் என்றார். "முதல்ல மாட்டிட்டு செல்ஃப் அடிச்சுப் பாரு."

மாட்டினேன். மிதித்தேன். ஒரே மிதியில் எடுத்தது.

"எடுத்துச்சில்ல? அப்புறம் எதுக்குப் பட்டை?"

சிவப்புப் பென்சிலால் என் வரியை அடித்தார்.

எடுத்தது எப்படி என்று நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். பாதை இல்லாமல் கரண்ட் போகாது. பட்டை இல்லையென்றால் வேறு எதன் வழியாகவோ போகிறது. பாடியையும் எஞ்சினையும் தொட்டுக்கொண்டிருக்கிற இரும்பு எதுவோ அதன் வழியாக. அந்த வண்டியில் அப்படி இரண்டு இருந்தன. ஒன்று டேஷ்போர்டில் இருக்கிற சோக் குமிழிலிருந்து எஞ்சினுக்குப் போகிற சோக் கம்பி. இன்னொன்று டேஷ்போர்டிலிருந்து கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற டிரம்முக்குப் போகிற ஹேண்ட் பிரேக் கேபிள். செல்ஃப் இழுக்கிற கரண்ட் கட்டைவிரல் தடிமன் கேபிளில் போக வேண்டியது. அது இந்த மெல்லிசுக் கம்பிகளில் போனால் கம்பி சூடாகும். ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் வேகும். எனக்கு இது தெரியும். சேலத்துக் கடையில் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் வரி அடிபட்டுவிட்டது. அடிபட்ட வரி எனக்கு வேலை இல்லை.

மழை தொடங்கியதும் காதர் பாய் வந்தார். "செல்ஃப் இழுக்கறதுக்கு நொம்ப யோசிக்குதுங்க சார்." வரதராஜன் கண்ணை மூடிக் கேட்டார். எழுதினார்: செல்ஃப் மோட்டார், கார்பன் தேய்மானம்.

பேட்டரி லீடைக் கழற்றி, இரண்டு போல்ட்டை எடுத்து, செல்ஃபை இறக்கிப் பெஞ்சில் வைத்தேன். செல்ஃபை மூடியிருக்கிற தகரப் பட்டியை நீக்கிப் பார்த்தால் கார்பன் பாதிக்கு மேல் இருக்கிறது. நல்ல கார்பன். எழுதியிருக்கிறதே, மாற்றினேன். பேட்டரியையும் சார்ஜ் போட்டு மாட்டியதால் வண்டி எடுத்தது. எல்லோருக்கும் திருப்தி.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. இந்த முறை புஷ் தேய்மானம் என்று எழுதினார். புது புஷ்ஷை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போட்டு அடித்தேன். கம்யூட்டேட்டரை மெல்லிசு உப்புத்தாளால் தேய்த்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவில் இருக்கிற மைக்காவை உடைந்த ஹாக்ஸா பிளேடால் சுரண்டி இறக்கினேன். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டும், பிளேடு வழுக்கினால் செம்பு போச்சு. வைஸில் இறுக்கி நேராகப் பேட்டரி கொடுத்தால் செல்ஃப் கத்திக்கொண்டு சுற்றியது. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற வேகம். வண்டியில் மாட்டினால் முனகுகிறது.

பெஞ்சில் சுற்றுகிறது, வண்டியில் ஏன் சுற்றவில்லை? முதல் வருடம் வேலை பழகுகிறவன் கேட்கிற கேள்வி. நான் கேட்கவில்லை. பழையபடி பேட்டரி சார்ஜ். பழையபடி கையெழுத்து.

மூன்றாவது முறை ஆர்மேச்சர் என்று எழுதி சேலத்துக்குக் காயில் கட்ட அனுப்பினார். அது திரும்பி வந்து நான் மாட்டிக்கொண்டிருந்தபோது காதர் பாய் பக்கத்தில் குந்தினார்.

"லூர்து, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. செல்ஃபை மிதிச்சா சோக் குமிழு சுடுது."

"சுட்டா பீடி பத்த வெச்சுக்கங்க பாய். தீப்பெட்டிச் செலவு மிச்சம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வாயிலிருந்து வந்ததுதான் அது. வரதராஜன் வாயிலிருந்து இல்லை. இதையும் அப்படியே அச்சுப் போடுங்கள்.

அதற்குள் காதர் பாய் செல்ஃபை நம்புவதை விட்டுவிட்டார். மலையில் பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். வண்டியை நிறுத்துவதற்கு இறக்கம் தேடுவார்கள். மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுப்பார்கள். கிளம்பும்போது ஒரு தரம் செல்ஃபை மிதித்துப் பார்ப்பது. எடுக்கவில்லையென்றால் இறங்கிக் கல்லை எடுத்துவிட்டு ஏறி, பிரேக்கை விட்டு உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விடுவது. எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கிளீனர் இருந்தால் கல்லை அவன் எடுப்பான். இந்த ஜீப்புக்குக் கிளீனர் கிடையாது. அதனால் கல்லை எடுத்த இடத்திலிருந்து சீட்டுக்கு வருகிற நான்கு எட்டு வைக்கிற நேரம் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான்.

ஐப்பசி மாதம். நாகலூர் எடைக் கொட்டகை. காலை வேலை முடிந்து மழை விட்டிருந்தது. ஜீப்பில் உர மூட்டை ஏற்றியிருந்தார்கள். வெள்ளக்கடைக்குப் போகிற சின்னப்பொண்ணு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தாள். காய்ச்சலுக்கு எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவள். அவளை ஏற்றிக்கொள்ளச் சொன்னது கொட்டகையில் கணக்கு எழுதுகிற ரைட்டர். காதர் பாய் சீட்டில் ஏறி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, செல்ஃபை மிதித்தார். முனகியது. விட்டு விட்டு நான்கைந்து தரம் மிதித்தார். கடைசியில் நின்றேவிட்டது. இறங்கினார். குனிந்து கல்லை உருவினார்.

டப் என்று ஒரு சத்தம் கேட்டதாக ரைட்டர் சொன்னார். தேங்காய் உடைந்த மாதிரி.

வண்டி கிளம்பிவிட்டது. காதர் பாய் பக்கவாட்டில் ஓடினார். கீழே அறுபது அடியில் வளைவு. வளைவில் கைப்பிடிச் சுவர் கிடையாது, அதற்குக் கீழே காப்பிச் செடிகளும் பள்ளமும்தான். சின்னப்பொண்ணு கத்தக்கூட இல்லையாம், மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாளாம். காதர் பாய் ஓடிக்கொண்டே உள்ளே கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து மலைப் பக்கம் இழுத்தார். ஜீப் மண் சரிவில் ஏறி, சாய்ந்து, நின்றது. நிற்கும்போது அவர் சரிவுக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தார். மூன்று விலா எலும்பு. மூட்டைகள் சரிந்து சின்னப்பொண்ணின் வலது கால் பாடி இரும்பின் மேல் நசுங்கியது. அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவர் கையை விட்டிருக்காவிட்டால் கால் மட்டும் போயிருக்காது. வரதராஜன் கட்டுரையில் இந்த வரியைத் தேடினேன். இல்லை.

நான் அரை மணி நேரத்தில் லாரியில் அங்கே போய்ச் சேர்ந்தேன். அதற்குள் இரண்டு பேரையும் சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு டிராக்டரில் கட்டி இழுத்து ஜீப்பை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தோம். பத்து மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வருவதாகச் செய்தி. வரதராஜன் முன்னாலேயே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை. ரிப்பேர் புக் பானெட் மேல் விரித்திருந்தது. எழுதியும் இருந்தது: ஹேண்ட் பிரேக் போடப்படவில்லை.

நான் முதலில் பார்த்தது கைப்பிடியை. டேஷ்போர்டுக்கு அடியில் கடைசிப் பல் வரை வெளியே இழுத்து நின்றது. போடாத பிரேக்கின் கைப்பிடி உள்ளே இருக்கும். "சார், இழுத்துத்தான் இருக்குதுங்க," என்றேன். அவர் புத்தகத்தைப் பார்த்தபடியே, உருண்டபோது பயத்தில் இழுத்திருப்பான் என்றார்.

அடியில் படுத்தேன். கேபிள் பின் முனையில் அறுந்து தொங்கியது. துருவில் அறுந்த கேபிள் எப்படி இருக்கும் என்று மெக்கானிக்குகளுக்குத் தெரியும். விளக்குமாறு மாதிரி இழை இழையாகப் பிரிந்திருக்கும். இது அப்படி இல்லை. முக்கால்வாசி இழைகளின் நுனியில் கடுகு மாதிரி உருண்டை. உருகின இரும்பு. உறை கருகி ஒட்டியிருந்தது. கம்பி நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு வெந்தால்தான் அந்த நீலம் வரும்.

அங்கேயே படுத்துக் கிடந்தேன். சோக் குமிழ் சுடுகிறது என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பங்குனியிலிருந்து ஐப்பசி வரை ஒவ்வொரு மிதிக்கும் அந்தக் கேபிள் வெந்திருக்கிறது. கடைசியாக நான்கைந்து தரம் மிதித்தபோது கேபிள் முழு இழுப்பில் இருந்தது. கல்லை உருவியதும் வண்டிப் பாரமும் சேர்ந்துகொண்டது; வெந்த இரும்பு இழுப்புத் தாங்காது.

வெளியே வந்தேன். பேட்டரியை மாட்டினேன். சோக் கம்பியையும் கழற்றிவிட்டேன். செல்ஃபை மிதித்தேன். ஒன்றுமே இல்லை. முனகல் கூட இல்லை, டிக் என்ற சத்தம் கூட இல்லை. அப்புறம் பெஞ்சிலிருந்து தடித்த கேபிள் ஒன்றை எடுத்து ஒரு முனையை சேஸிஸில் கவ்வினேன், மறு முனையை எஞ்சினில் கவ்வினேன். பட்டை இருக்க வேண்டிய இடம். மிதித்தேன்.

செல்ஃப் இடித்துக்கொண்டு சுற்றியது. மாதக்கணக்காக அந்த வண்டியில் நான் கேட்காத சத்தம். எஞ்சின் எடுத்துவிட்டது. கொட்டகை முழுக்க அதிர்ந்தது. நான் அணைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி ஓடவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வேலை தெரிந்தவர்தான் அவர். சிவப்புப் பென்சிலைப் பையிலிருந்து எடுத்தார், திரும்பப் பையிலேயே வைத்தார்.

"அணை," என்றார்.

அணைத்தேன்.

"மணி எட்டே முக்கால். இன்னொரு ஜீப்புல இருக்கற பட்டையையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் கழட்டு. ரெண்டையும் இதுல மாட்டு."

"சார், காதர் பாய் பேர்ல எழுதியிருக்குதுங்களே."

"எழுதியாச்சு லூர்து."

"பட்டை வேணும்னு நான் எழுதுனேனுங்க சார்."

அவர் பக்கங்களைப் பின்னால் திருப்பினார். பங்குனிப் பக்கத்துக்கு வந்து என் பக்கம் திருப்பி வைத்தார். அடித்த வரிக்குக் கீழே கிளட்ச் வேலை முடிந்தது, வண்டி நல்ல நிலையில் என்று இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து. அப்புறம் ஒவ்வொன்றாகத் திருப்பினார். கார்பன், புஷ், ஆர்மேச்சர். மூன்றிலும் என் கையெழுத்து.

"போலீஸ் வந்தா இதுல யாரு பேரு இருக்குதுன்னு நீயே படி," என்றார். குரலை உயர்த்தவில்லை. "உம் பொண்டாட்டிக்கு இது எத்தனையாவது மாசம்?"

எட்டாவது மாதம். எஸ்டேட் குடியிருப்பில் இருந்தோம். வேலை போனால் வீடும் போகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமில்லை.

நான் மாட்டினேன். பட்டைக்கு இருபது நிமிடம், கேபிளுக்கு முக்கால் மணி நேரம். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. போல்ட் தலையில் மண் தடவி, புதுசாக மாட்டியது தெரியாமல் பண்ணினேன். அதை அவர் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். பத்தே காலுக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். கைப்பிடியை இழுத்தார். வண்டியைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. பிரேக் வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். கண்ணெதிரில் இருந்ததைத்தான் எழுதினார், அவர் மேல் குற்றமில்லை. பழைய கேபிளை வரதராஜன் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து எஸ்டேட் ஆபீஸில் விசாரணை. காதர் பாய் மார்பில் கட்டோடு வந்திருந்தார். உட்கார நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை. பிரேக் போட்டேன் என்று ஒரே பேச்சாகச் சொன்னார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். ஹேண்ட் பிரேக் நல்ல நிலையில் இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றேன். காதர் பாய் என் பக்கம் திரும்பினார்.

"லூர்து, கேபிளு என்னாச்சுன்னு நீ பாத்தியா?"

"பாத்தேன் பாய். நல்லாத்தான் இருந்துச்சு."

அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆரஞ்சு விற்றார். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். சின்னப்பொண்ணு கட்டைக் காலோடு சந்தைக்கு வருவாள். அவர் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்ததைச் சொல்வார்கள். அவள் மேல் என்ன தப்பு? அவளுக்குச் சொன்னதை அவள் நம்பினாள்.

நான் நாற்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வரதராஜன் எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். இதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மலர் வந்த மறுவாரம் காதர் பாய் வீட்டுக்குப் போனேன். எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம், கண் நன்றாக இருக்கிறது. மலரை அவரே படித்திருந்தார். நான் பட்டையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மண் தடவியது வரை. சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அவர், "அப்ப நான் இழுத்தனா?" என்றார்.

"இழுத்தீங்க பாய். கடைசிப் பல்லு வரைக்கும்."

"நான் இழுத்தனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு லூர்து. எல்லாரும் சொல்லச் சொல்ல, போடாமத்தான் எறங்கிட்டமோன்னு தோணிருச்சு. படுத்தா கை தானா இழுக்குது. எம் பொண்டாட்டி சாவற வரைக்கும் திட்டிட்டே இருந்தா, தூக்கத்துல ஏன் போர்வையைப் புடிச்சு இழுக்கறீங்கன்னு."

அவ்வளவுதான் சொன்னார். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நானாக எழுந்து வந்தேன்.

நியாயத்துக்கு ஒன்று சொல்கிறேன். இறங்கும் முன் கியரில் போட்டுவிட்டு அவர் இறங்கியிருக்கலாம். அது அவசரம். மழைக் காலத்தில் எல்லா டிரைவரும் செய்கிற அவசரம். ஆனால் அவர் மேல் எழுதின குற்றம் அது இல்லை.

வரதராஜன் அவர்களே, பொய்க் கையெழுத்துப் போட்டவன் நான், பொய் சாட்சி சொன்னவன் நான். சங்கம் என்னை நீக்கினால் நீக்கட்டும். சின்னப்பொண்ணு வீட்டுக்கும் போய்விட்டு வந்தேன். அவள் என்னை என்ன சொன்னாள் என்பது எனக்கும் அவளுக்கும். இனி பாக்கி நீங்கள்தான். "எனக்கு ஞாபகமில்லை" என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பாதீர்கள். நான்கு பக்கம் எழுத ஞாபகம் இருந்தது.

வருகிற ஆண்டுக் கூட்டத்தில் மூத்த தொழிலாளி என்று உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். சங்கத்தார் நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். காதர் பாயை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். முதல் வரிசையில் உட்கார வைப்பேன், அவருக்குக் காது சரியாகக் கேட்காது. நீங்கள் மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும், அவருக்குக் கேட்கிற மாதிரி, அந்த மனிதர் பிரேக் போட்டாரா இல்லையா என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அப்புறம் பொன்னாடை வாங்கிக்கொள்ளுங்கள்.

— அ. லூர்துசாமி, மெக்கானிக் (ஓய்வு), ஏற்காடு